பேடாக் ஸ்டாண்ட்

சென்டர் ஸ்டாண்ட் இல்லாத மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தும் உலோகத் தாங்கி. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் இருபுறக் குமிழ்களில் அதன் கொக்கிகளை மாட்டிக் கைப்பிடியை அழுத்தினால், நெம்புகோல் முறையில் வண்டி எழும்.

தனியாளுக்கு ஆபத்தான நொடி, வண்டி நிமிர்ந்தும் ஸ்டாண்டில் ஏறாமலும் நிற்பதுதான். தளம் சமமாக, எண்ணெய்ப் பிசுக்கின்றி இருக்க வேண்டும். இடப்பக்கம் நின்று, ஒரு கையால் பின்பிடியைப் பற்றி நிமிர்த்தி, மறுகையால் ஸ்டாண்டைப் பொருத்தலாம். இரு கொக்கிகளும் மாட்டியதை உறுதிசெய்த பிறகே அழுத்த வேண்டும். சைடு ஸ்டாண்டை மடக்கவே கூடாது. இறக்கும்போதும் வண்டி அதன்மேல்தான் சாய வேண்டும். கைமீறிச் சரியும் வண்டியைத் தாங்க முயல்வதைவிட விலகுவதே நல்லது.

வண்டி ஸ்டாண்டில் ஏறியபின், என்ஜினை ஓடவிட்டுச் செயினைத் துடைப்பது விரலைப் பறிக்கும் பழக்கம். என்ஜினை அணைத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றினாலே போதும்.