வீடு ஏன் கொதிக்குது? ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் கற்கும் வெயில் கணக்கு!

மே மாச ராத்திரி பத்து மணி. ஃபேன் ஃபுல் ஸ்பீடில் சுத்துது. வர்றதோ அனல் காத்து. மேற்குப் பக்கச் சுவரைத் தொட்டுப் பாருங்க, இன்னும் சுடும். பகலெல்லாம் வாங்கிய வெயிலை, நீங்க தூங்கப்போற நேரத்தில் அறைக்குள் விடுகிறது அது.

'பேசாம ஏ.சி வாங்கிடலாம்' என்றுதான் தோன்றும். ஆனால், அந்தச் சூடு பிளான் வரைந்த அன்றே முடிவானது. ஏ.சியைப் பத்து வருஷத்தில் மாற்றிவிடலாம். சுவரின் திசையை? அதனால்தான், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கட்டட வடிவமைப்பை ஐந்து வருட பி.ஆர்க் படிப்பின் தொடக்கத்திலேயே கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. தியரி பேப்பராகப் படித்துப் பரீட்சை எழுதினால் மறந்துபோகும். கையால் அளந்து பார்த்தால்தான் நிற்கும்.

குச்சியும் நிழலும்

முதல் பாடத்துக்கு ஒரு குச்சி போதும். வெயிலில் நட்டு, மணிக்கு ஒருமுறை நிழலைக் குறிக்க வேண்டும். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் இருக்கும். இடைப்பட்ட மாதங்களில் அது கொஞ்சம் வடக்கே நகர்ந்துவிடும். நண்பகல் நிழல் தெற்கே விழும். 'வெயில் எப்பவும் தெற்கிலிருந்துதான் வரும்' என்று நினைத்த மாணவருக்கு இதுவே முதல் ஆச்சர்யம்.

எல்லா ஜன்னலுக்கும் ஒரே சன்ஷேடா?

நம்ம ஊரில் நாலு பக்கமும் 2 அடி சன்ஷேட் போடுவது வழக்கம். கணக்கு போட்டுப் பார்ப்போமா?

* தெற்கு ஜன்னல்: டிசம்பர் நண்பகலில் சென்னையில் சூரியன் சுமார் 53 டிகிரி உயரத்தில் இருக்கும். 2 அடி சன்ஷேட் சுமார் 32 அங்குலத்துக்கு நிழல் தரும்.
* மேற்கு ஜன்னல்: மே மாதம் மாலை நாலே கால் மணிக்கு சூரியன் சுமார் 30 டிகிரிக்கு இறங்கிவிடும். அதே சன்ஷேட் தருவது 14 அங்குல நிழல்தான். 4 அடி ஜன்னலில் மீதியெல்லாம் வெயில்!

மேற்கில் செங்குத்துத் தடுப்பு, மரம், வராண்டா போன்றவைதான் உதவும். மாடிப்படி, பாத்ரூமை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, படுக்கையறையைக் காப்பாற்றுவதும் நல்ல ஐடியா.

ஜன்னலுக்கும் ஒரு விதி

ஏ.சி, ஃப்ரிட்ஜுக்கு ஸ்டார் கொடுக்கும் அதே பி.இ.இ அமைப்பு, வீடுகளுக்காக 2018-ல் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில், திறக்கக்கூடிய ஜன்னல், கதவுகளின் பரப்பு வீட்டின் தரைப்பரப்பில் 16.66 சதவிகிதம், அதாவது ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது அது. 600 சதுர அடி வீட்டுக்கு 100 சதுர அடி.

இதில் கவனிக்க வேண்டியது 'திறக்கக்கூடிய' என்ற வார்த்தை. இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும். பிளானில் 20 சதுர அடி என்று இருந்தாலும் காற்றுக்குக் கிடைப்பது 10 தான். கையில் டேப்புடன் தன் வீட்டையே அளந்து பார்க்கும் மாணவருக்கு இது மறக்காது.

செங்கல்லை நிமிர்த்தினால்...

அடுத்து சுவர். திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் வடிவமைத்த வளர்ச்சி ஆய்வு மையம் (சி.டி.எஸ்), ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் தேடிப்போய்ப் பார்க்கும் இடம். ஓட்டை ஓட்டையான செங்கல் ஜாலிச் சுவர்கள் வெளிச்சத்தை வடிகட்டி, காற்றை உள்ளே விடும். பேக்கர் பரவலாக்கிய 'ரேட் ட்ராப் பாண்ட்' முறையில் செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்திக் கட்டுவார்கள். நடுவில் உருவாகும் வெற்றிடத்தில் நிற்கும் காற்று, சூடு கடப்பதைத் தாமதப்படுத்தும். செங்கல்லும் சுமார் 25 சதவிகிதம் மிச்சம்!

கம்ப்யூட்டரில் கட்டிப் பார்க்கலாம்

அமெரிக்க எரிசக்தித் துறையின் 'எனர்ஜிப்ளஸ்' சாஃப்ட்வேர் இலவசம். ஊரின் வானிலைத் தகவலையும் கட்டட விவரத்தையும் கொடுத்தால், ஒரு வருஷத்துக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும் எனக் கணக்கிடும். ஜன்னலைச் சின்னதாக்கி, மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்து, மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். 'சோலார் டெகத்லான் இந்தியா' போட்டியில் மாணவர் அணிகள் நிஜ புராஜெக்ட்டுகளுக்கு இப்படித்தான் தீர்வு தேடுகின்றன.

ஆனால், வரிசை முக்கியம். முதலில் திசை, அடுத்து நிழல், பிறகு சுவரும் கூரையும், காற்றோட்டம். ஏ.சியும் சோலார் பேனலும் கடைசியில்தான். தலைகீழாகச் செய்தால், தப்பான பிளானுக்கு மாசாமாசம் இ.பி பில் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

உங்கள் வீட்டில் யாராவது வீடு கட்டப்போகிறார்களா? பிளான் போடுபவரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள். 'மேற்குப் பக்கம் எந்த ரூம் வருது? ஜன்னல் எவ்வளவு திறக்கும்? மொட்டை மாடிச் சூட்டுக்கு என்ன வழி?' டக்கென்று பதில் வந்தால், அவர் குச்சி நட்டு நிழல் அளந்தவராகத்தான் இருப்பார்!