எஃப்.ஐ பைக்ல மைலேஜ் குறையுதா? `ரீமேப்' பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஷிஃப்ட் முடியும் நேரத்தில் மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் நின்றால், டீக்கடை வாசலில் பைக்குகள் வரிசைகட்டும். சுரங்கம், அனல்மின் நிலையம் என்று என்.எல்.சி வேலைக்காக விருத்தாசலம், வடலூர் பக்கத்து ஊர்களிலிருந்து தினமும் வண்டியிலேயே வந்து போகிறவர்கள் நிறைய பேர். அங்கே அடிக்கடி காதில் விழும் கேள்வி, `உன் வண்டி எவ்ளோ கொடுக்குது?'

என் பைக் 58 கொடுத்துக்கொண்டிருந்தது. திடீரென 49-க்கு இறங்கிவிட்டது. ஒரு நாளைக்கு 40 கி.மீ, மாதத்துக்கு 26 நாள் ஓட்டுகிறேன். கணக்குப் போட்டால் மாதம் 3 லிட்டருக்கு மேல் கூடுதல் செலவு. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே வருஷத்துக்கு சுமார் 4,000 ரூபாய். ஒப்பந்தச் சம்பளத்தில் வீடு நடத்துகிறவருக்கு அது சின்னத் தொகை இல்லை.

செல்போனில் தேடினால் `மைலேஜ் சிப்', `இ.சி.யூ ரீமேப்' என வீடியோக்கள் கொட்டின. 2,500 ரூபாய் எடுத்து வைத்தும் விட்டேன். வழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: ``மொதல்ல காத்து எவ்ளோ இருக்குன்னு பாத்தியா தம்பி?''

பார்க்கவில்லை. பின் டயரில் 10 பி.எஸ்.ஐ குறைவு. பின் பிரேக் வேறு லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் சரிசெய்ததும் மைலேஜ் 56-க்கு ஏறிவிட்டது. சிப் வாங்கவே இல்லை.

திருக ஸ்குரூவே இல்லையே?

கார்புரேட்டர் காலத்தில் `டியூனிங்' என்றால் ஸ்குரூ டிரைவர்தான். ஏர் ஸ்குரூவைத் திருகி, சத்தத்தைக் காதால் கேட்டே மெக்கானிக் செட் பண்ணுவார். 2006-ல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ, 2007-ல் பல்சர் 220 என ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பைக்குகள் அப்போதே வந்துவிட்டன. ஆனால் 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்-6 விதி அமலான பிறகுதான் சாதாரண 100 சிசி வண்டிகள் வரை இது பரவியது.

எஃப்.ஐ வண்டியில் ஸ்குரூவின் வேலையை இ.சி.யூ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் பார்க்கிறது. ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, உள்ளே போகும் காற்றின் அழுத்தமும் சூடும் எவ்வளவு, இன்ஜின் எவ்வளவு சூடு, என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று சென்சார்கள் சொல்லும். அதை வைத்து, இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட் திறக்கணும் என்று இ.சி.யூ முடிவு பண்ணும்.

இதில் முக்கியமான ஆள், சைலன்ஸர் பைப்பில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார். சுத்தமான பெட்ரோலில் ஒரு கிராம் முழுசாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து, `பெட்ரோல் அதிகம், குறை' அல்லது `பத்தல, கூட்டு' என்று இந்த சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஒரே சீராக 50-ல் போகும்போது, வண்டி தன்னைத்தானே டியூன் பண்ணிக்கொண்டுதான் ஓடுகிறது!

அப்போ `மைலேஜ் சிப்' என்ன பண்ணும்?

மலிவான கருவிகள் பலவற்றில் உள்ளே இருப்பது ஒரு ரெசிஸ்டர்தான். காற்று உண்மையில் இருப்பதைவிடச் சூடாக இருக்கிறது என்று இ.சி.யூ-விடம் பொய் சொல்லும். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால், இ.சி.யூ பெட்ரோலைக் குறைக்கும். கொஞ்ச நேரத்தில் ஆக்சிஜன் சென்சார் `பத்தல' என்று புகார் சொல்ல, இ.சி.யூ மறுபடி கூட்டிவிடும். போட்ட காசு அவ்வளவுதான்.

ஆக்சிஜன் சென்சாரையே ஏமாற்றினால்? பெட்ரோல் குறைவான `லீன்' கலவையில் இன்ஜின் திக்கும், பிக்கப் போகும், நைட்ரஜன் ஆக்சைடு புகை கூடும். மிஸ்ஃபயர் ஆகி எரியாத பெட்ரோல் சைலன்ஸருக்குப் போனால், அங்கே இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிக் கெடும். அதை மாற்றும் செலவு, பல வருஷத்து மைலேஜ் லாபத்தைச் சாப்பிட்டுவிடும்.

இ.சி.யூ ரீமேப், பிக்கிபேக் கருவிகளெல்லாம் நிஜமான தொழில்நுட்பம்தான். ஆனால் அவை பெரும்பாலும் பவருக்காகவும், சைலன்ஸர் மாற்றிய வண்டிகளுக்காகவும் செய்யப்படுபவை. வாரன்ட்டி போகலாம். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

முதலில் ஒழுங்கா அளங்க

மீட்டரில் காட்டும் மைலேஜ் ஒரு மதிப்பீடுதான். டேங்கை ஃபுல் பண்ணி, ட்ரிப் மீட்டரை ஜீரோவாக்குங்கள். 200, 300 கி.மீ ஓட்டிவிட்டு, முடிந்தால் அதே பங்க்கில் மறுபடி ஃபுல் பண்ணுங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவதாகப் போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். ஒரே முறை அளந்துவிட்டு பயப்பட வேண்டாம்.

வரிசையா செக் பண்ணுங்க

1. டயர் காற்று: வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள். மேனுவலில் தனியாகப் போவதற்கு ஒரு அளவு, பின்னால் ஆள் உட்கார்ந்தால் ஒரு அளவு இருக்கும்.

2. பிரேக்: சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சட்டென நின்றால் பிரேக் பிடிக்கிறது.

3. செயின்: சாம்பல் லாரிகள் ஓடும் நம்ம ரோட்டுத் தூசிக்கு செயின் சீக்கிரம் வறண்டுவிடும். துடைத்து லூப் அடியுங்கள். ரொம்ப இறுக்கமாக வைத்தாலும் மைலேஜ் போகும்.

4. ஏர் ஃபில்டர்: அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-ல் கார்களில் சோதித்தது. எஃப்.ஐ வண்டியில் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் பெரிதாகக் குறையவில்லை, இழுவைதான் குறைந்தது. ஏனென்றால் காற்று குறைந்தால் இ.சி.யூ பெட்ரோலையும் குறைத்துவிடும். அதுக்காக விட்டுவிடாதீர்கள். தூசி உள்ளே போனால் இன்ஜின் தேயும். எண்ணெய் ஊறிய பேப்பர் ஃபில்டரை காற்றடித்துச் சுத்தம் பண்ணக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

5. மஞ்சள் இன்ஜின் விளக்கு: ஓடும்போது எரிந்தால், ஏதோ ஒரு சென்சாரிலோ வயரிங்கிலோ கோளாறு. ஆக்சிஜன் சென்சார் போய்விட்டால், இ.சி.யூ மனப்பாடக் கணக்கில் பெட்ரோல் ஊற்றும். ஸ்கேனர் இருக்கும் சர்வீஸ் சென்டரில் கோடைப் படிக்கச் சொல்லுங்கள். இதுதான் எஃப்.ஐ வண்டிக்கு உண்மையான டியூனிங்.

6. த்ராட்டில் பாடி, ஸ்பார்க் பிளக், டேப்பெட்: சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள். த்ராட்டில் பாடியை அதற்கான ஸ்பிரேயால் சுத்தம் பண்ணலாம். பெயின்ட் பூசிய ஸ்டாப் ஸ்குரூவை மட்டும் யாரையும் திருக விடாதீர்கள்.

பெட்ரோலும் காரணமா?

கொஞ்சம் ஆமாம். இப்போது பங்க்கில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. எத்தனால் கலப்புக்கான 2021 நிதி ஆயோக் அறிக்கையே, பழைய வகை டூவீலர்களில் 3-4 சதவிகிதம் மைலேஜ் குறையலாம் என்றது. 60 கொடுத்த வண்டி 58 கொடுத்தால் அது இதில் அடங்கும். 49 கொடுத்தால், பிரச்னை வேறு இடத்தில்.

எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பதையும் மறக்காதீர்கள். கடலூர் மாவட்டத்து ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியை வெளியே நிறுத்தினால், டேங்க் மூடியின் ரப்பர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி ரிசர்வ் தாண்டி ஓட்டவும் கூடாது. பெரும்பாலான எஃப்.ஐ பைக்குகளில் பம்ப் டேங்குக்குள்ளேதான் இருக்கிறது. பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது.

கடைசி சென்சார், உங்க கை!

50-ல் போவதைவிட 70-ல் போகும்போது காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆக்சிலரேட்டரை முழுசாக முறுக்கினால், ஆக்சிஜன் சென்சார் சொல்வதை ஒதுக்கிவிட்டு இ.சி.யூ கூடுதல் பெட்ரோல் ஊற்றும். இன்ஜின் சூடாகும் வரையிலும் அப்படித்தான். தெருமுனைக் கடைக்கு வண்டி எடுக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் பஞ்சர் கடையில் நிறுத்தி, காற்றைப் பார்த்துவிடுங்கள். டேங்க் ஃபுல் பண்ணி, கிலோமீட்டரை செல்போனில் குறித்து வையுங்கள். மூன்று டேங்க் அளந்து, இந்த ஆறையும் பார்த்த பிறகும் மைலேஜ் ஏறவில்லை என்றால், அந்தக் கணக்கோடு மெக்கானிக்கிடம் போங்கள். `மைலேஜ் தரல' என்று சும்மா சொல்வதைவிட, அவருக்கு வேலை பாதி மிச்சம்!