அளத்தலும் திருத்தலும்: ஆசிரியர் மதிப்பீடு பற்றிய ஓர் ஆராய்ச்சி

1862ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கல்விக் குழுவுக்குத் துணைத்தலைவராயிருந்த ராபர்ட் லோ நடைமுறைக்குக் கொண்டுவந்த திருத்திய விதித்தொகுதியானது, ஆரம்பப் பாடசாலைகளுக்கு அரசாங்கம் அளித்துவந்த மானியத்தின் பெரும்பகுதியை, ஒவ்வொரு மாணாக்கனும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் தேறுவதோடு பிணைத்துவிட்டது. ஒன்றில் தவறினால் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் குறையும். மூன்றிலும் தவறினால் அப்பிள்ளையின் பரீட்சைக்கென்று ஒதுக்கிய எட்டு ஷில்லிங்கும் போய்விடும். பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயமே. ஆயினும், பரீட்சைக்குரிய வாசிப்புப் புத்தகம் இன்னதென்று முன்னமே தெரிந்திருந்தபடியால், உபாத்தியாயர்கள் அதனை ஆண்டு முழுவதும் நெட்டுருப் போடுவித்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடியே பிழையறப் படித்துக்காட்டிய பிள்ளைகளைப் பற்றி அக்காலத்தார் கதை சொல்லிச் சிரித்ததுண்டு.

1851 முதல் முப்பத்தைந்து ஆண்டுகள் இன்ஸ்பெக்டராகவும், அதேவேளையில் கவிஞராகவும் விளங்கிய மாத்யூ ஆர்னல்ட் இதனை இடைவிடாது கண்டித்தார். வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் வாசிப்பில் தேற வைக்க முடிகிறது என்பது அவருடைய குறைகளில் ஒன்றே. அதைவிட ஆழமான குறை வேறொன்று உண்டு. முன்பெல்லாம் இன்ஸ்பெக்டர் பள்ளிக்குள் நுழைந்தால் போதனையின் உயிர்நாடியைத் தொட்டுப் பார்த்து, ஆசிரியரோடு அதுபற்றிப் பேச அவகாசமிருந்தது. இப்போதோ பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு பிள்ளை பிள்ளையாகக் குறியிட்டு முடிப்பதற்குள் பொழுது கழிந்துவிடுகிறது. இம்முறை 1860களில் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. நம் திண்ணைப் பள்ளிகள் பலவும் இவ்வகை மானியத்தின் வழியாகவே சர்க்காரின் கண்காணிப்புக்குள் வந்தன. இங்கிலாந்து 1890களில் படிப்படியாக இதனைக் கைவிட்டது.

கைவிடப்பட்ட அக்கருத்து, புள்ளியியலின் துணையோடு அமெரிக்காவில் மறுபிறவி எடுத்தது. 2009இல் மத்திய அரசாங்கம் 435 கோடி டாலரைப் போட்டி மானியமாக அறிவித்து, மாணவர் மதிப்பெண்களின் வளர்ச்சியை ஆசிரியர் மதிப்பீட்டில் சேர்க்கும்படி மாநிலங்களைத் தூண்டியது. மதிப்பெண்களில் காணும் வேறுபாட்டில் ஒன்று முதல் பதினான்கு சதவீதம் வரையே ஆசிரியர்களைச் சாரும் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக 2014இல் அமெரிக்கப் புள்ளியியற் சங்கம் எடுத்துரைத்தது. எஞ்சியவற்றை விலக்கிவிட்டு இவ்வளவை மட்டும் ஆசிரியர் பெயரில் எழுதும் கணிதம், ஆண்டுக்கு ஆண்டு தடுமாறுவதில் வியப்பில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததையும் காக்கையின் கணக்கில் வரவு வைக்கும் அபாயம் இதில் எப்போதும் உண்டு. இக்கணிதம் பிழையற்றதாகவே அமைந்தாலும், நாளைக் காலைப் பாடத்தை எவ்வாறு மாற்றி நடத்துவது என்று அது ஆசிரியருக்கு ஒரு வார்த்தையும் சொல்வதில்லை என்பதே என் முதன்மையான ஆட்சேபம்.

மாறாக, ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரத்தின் அநுபவம் நின்று நோக்கத்தக்கது. அங்கே 2000ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய முறைப்படி, அநுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஓராண்டு முழுவதும் மதிப்பிடப்பட்டார். அவ்வாண்டில் அவருடைய வகுப்பு நான்கு முறை பார்வையிடப்பட்டது: மூன்று முறை, வகுப்பறைப் பணியிலிருந்து தற்காலிகமாக விடுவிக்கப்பட்ட, வேறு பள்ளியைச் சேர்ந்த தேர்ந்த சக ஆசிரியரால், ஒருமுறை தலைமையாசிரியரால். முதல் வருகை எந்த வாரத்தில் என்று முன்னமே தெரிந்திருந்தது. மற்றவை முன்னறிவிப்பின்றி நிகழ்ந்தன. எரிக் டெய்லர், ஜான் டைலர் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, மதிப்பிடப்பட்ட ஆசிரியரிடம் அதற்குப் பிந்திய ஆண்டுகளில் கணிதம் பயின்ற மாணாக்கர், அதே ஆசிரியரிடம் முன்பு பயின்றவர்களைக் காட்டிலும் முன்னேறினர். நூற்றுமான வரிசையில் நடுவே நின்ற ஒருவன் நான்கைந்து படி மேலேறுவதற்கு ஒப்பானது அம்முன்னேற்றம். வாசிப்பில் அத்தகைய பயன் தென்படவில்லை என்பதையும் மறைத்தலாகாது. கவனிக்கத்தக்கது என்னவெனில், அங்கே மிகப் பெரும்பாலான ஆசிரியர்கள் உயர்ந்த தரங்களையே பெற்றனர்; தரம்பிரிக்கும் கருவி என்ற வகையில் அம்முறை ஏறத்தாழ ஒருவரையும் பிரிக்கவில்லை, ஆயினும் போதனை சீர்பட்டது.

இதன் காரணத்தை ஊகித்தல் அரிதன்று. பின்ன எண்களைக் கற்பிக்கும் வகுப்பொன்றைக் கருதுவோம். 'மாணவர் பங்கேற்பு: நான்குக்கு மூன்று' என்ற குறிப்பைப் பெறும் ஆசிரியர் அதில் கையொப்பமிட்டு மறந்துவிடுவார். 'கேள்வியைக் கேட்ட மறுகணமே விடையையும் தாங்களே சொல்லிவிடுகிறீர்கள். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டி ஏழில் இரண்டு என்றெழுதிய பையனின் விடையைத் திருத்தினீர்களேயன்றி, அவன் அதை எவ்வாறு பெற்றான் என்று கேட்கவில்லை' என்று, கணிதம் கற்பித்துப் பழகிய ஒருவர் எதிரே அமர்ந்து சொல்வாராயின், அடுத்த வாரத்திலேயே அவ்வாசிரியரின் கை சிறிது தயங்கும்.

தண்டனையும் வெகுமதியும் இன்றி மனிதர் திருந்துவரோ என்று கேட்போர், 2009 முதல் வாஷிங்டன் நகரில் நடந்த ஆசிரியர் மதிப்பீட்டை எடுத்துக்காட்டுவர். குறைந்த தரம் பெற்று வேலைநீக்க எல்லையருகே நின்ற ஆசிரியருட் சிலர் விலகினர், எஞ்சியோர் தேறினர் என்று தாமஸ் டீ, ஜேம்ஸ் வைகாஃப் ஆகியோரின் ஆராய்ச்சி காட்டியது உண்மையே. அச்சத்துக்குச் சக்தியில்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால், அங்கும் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வோர் ஆசிரியரின் வகுப்பும் ஐந்து முறை பார்வையிடப்பட்டது. அவற்றுள் இரண்டு, பள்ளிக்கு வெளியிலிருந்து வந்த நிபுண ஆசிரியர்களால் ஆனவை. அச்சம் செய்ததையும் ஆலோசனை செய்ததையும் அங்கே தனித்தனியே பிரித்தெடுக்க இயலாது.

இனித் தலைமையாசிரியர். அவரை மதிப்பிடுவோர், ஆண்டுக்கு எத்தனை வகுப்புகளைப் பார்த்தார் என்று எண்ணிக் களிப்பது வழக்கம். மயாமி டேட் மாவட்டத்தில் சுமார் நூறு தலைமையாசிரியர்களை நாள்முழுவதும் பின்தொடர்ந்து குறிப்பெடுத்து, 2013இல் கிரிஸம், லோப், மாஸ்டர் மூவரும் வெளியிட்ட ஆய்வு இவ்வழக்கத்தை அசைக்கிறது. அவர்களுடைய நேரத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கே போதனை சம்பந்தமான காரியங்களுக்குச் சென்றது. அதிலும் வேறெந்தக் காரியத்தையும்விட மிகுதியான நேரம் வகுப்புகளை எட்டிப்பார்த்துச் செல்வதில் கழிந்தது. ஆசிரியரோடு அமர்ந்து பயிற்றுவிப்பதற்கோ அரைச் சதவீதமே எஞ்சியது. அவ்வரைச் சதவீதம் கூடுதலாயிருந்த பள்ளிகளில் மாணவர் முன்னேற்றமும் கூடுதலாயிருந்தது. எட்டிப்பார்த்தல் மிகுந்த பள்ளிகளில், குறிப்பாக உயர்நிலைப் பள்ளிகளில், அது குறைந்தே காணப்பட்டது. ஆகவே, தலைமையாசிரியரிடம் கேட்கவேண்டியது வருகைப் பதிவேட்டை அன்று. இன்ன ஆசிரியரிடம் இன்ன குறையைப் பற்றிப் பேசினேன், மறுமுறை சென்றபோது இன்ன மாறுதலைக் கண்டேன் என்று அவர் காட்டக்கூடிய நாலைந்து தொடர் குறிப்புகளையே. சரித்திரம் பயின்ற தலைமையாசிரியர் இரசாயன வகுப்பின் நுட்பங்களை அறியமாட்டாரென்பது மெய். அத்துறை அறிந்த சக ஆசிரியரை அவ்வகுப்புக்கு வரவழைக்க ஏற்பாடு செய்தாரா என்று அப்போது கேட்கலாம்.

செலவு எனும் தடை மட்டும் நிற்கிறது. சின்சினாட்டியில் மதிப்பிடப்பட்ட ஆசிரியர் ஒருவருக்குச் சுமார் 7,500 டாலர் ஆயிற்று; அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் மதிப்பீட்டாளர் சம்பளம். அனைவரையும் ஆண்டுதோறும் அவ்வாறு மதிப்பிட எந்த நகரசபையாலும் ஆகாது. அதனாலேயே பல மாநிலங்கள் ஒரு படிவத்தையும் ஓர் எண்ணையும் வைத்து வருடந்தோறும் சடங்கை முடித்துக்கொண்டன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆழமாக ஆராய்வதே மேலென்பது என் அபிப்பிராயம். இடைப்பட்ட நான்கு ஆண்டுகள் தலைமையாசிரியருக்குரியவை. சக ஆசிரியர் எழுதிவைத்துப் போன குறிப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் மீண்டும் அதே வகுப்பின் பின்வரிசையில் போய் அமர்ந்தாரா என்பதைக் கொண்டே அவரையும் மதிப்பிடலாம்.