சொல்தாவும் குபேரும்

நம் ஊரில் ‘சொல்தா’ என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவர். பிரெஞ்சில் இந்தச் சொல்லை எழுதும்போது கடைசியில் ஒரு ‘த்’ உண்டு, பேச்சில் வராது. சொல்-தா என இரண்டே அசை, அழுத்தம் ‘தா’வில்.

பிரெஞ்சில் இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது பின்னால் உள்ள உயிரோடு சேரும். சொல்லின் கடைசி மெய்கூடப் பல இடங்களில் அடுத்த சொல்லின் உயிரோடு ஒட்டிக்கொள்ளும். நாள், இதழ் இரண்டும் ‘நாளிதழ்’ ஆவது போலத்தான். நன்னூல் படித்தவருக்கு இது புதிதல்ல. அழுத்தமோ ஆங்கிலம்போல் சொல்லுக்குச் சொல் இடம் மாறாது. சேர்த்துச் சொல்லும் தொடரின் கடைசி அசையில்தான் விழும்.

புதுவைக்காரர்கள் இதை இலக்கணமாகப் படிக்கவில்லை, காதால் பிடித்தார்கள். அழுத்தம் விழுந்த இடத்தில் தமிழில் நெடில் வைத்தார்கள்: முசியே, லிசே, சொல்தா. 1963இல் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயரிலும் கடைசி ‘த்’ எழுத்தில் மட்டுமே. கவர்னர் துய்மா பெயரில் உள்ள ‘ஸ்’ஸும் அப்படியே.

எதிர்த்திசையிலும் இது நடந்தது. கலவை சுப்பராயச் செட்டியாரின் ‘கலவை’ பிரெஞ்சுக்காரர் வாயில் நடு உயிரை இழந்து ‘கல்வே’ ஆயிற்று. பாரதிதாசன் படித்த கல்வே கல்லூரிக்கு அந்தப் பெயர்தான். 1881 ஆணைப்படி சொந்தச் சட்டத்தைத் துறந்தவர்கள் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டபோது, பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லபோர்த்’ ஆனார். அதன் கடைசி உயிரெழுத்து ஊமை. அதனால் அழுத்தம் ‘போர்த்’ மேல்.

1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. பிறகு வந்த தலைமுறைக்கு அந்தப் பெயர்கள் காது வழியாக வரவில்லை, ஆங்கிலப் படிப்பின் வழியாக வந்தன. கடற்கரைச் சாலையில் ‘கௌபெர்ட்’ என்றும் ‘டூமாஸ்’ என்றும் வாசிக்கிறார்கள். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. எழுத்தில் இருப்பதைத்தானே வாசிப்பார்கள்?

வீதிப் பலகையில் பல இடங்களில் தமிழிலும் பெயர் இருக்கிறது. பேரப்பிள்ளைகளோடு நடக்கும்போது அந்தத் தமிழ் வரியை வாசிக்கச் சொல்லுங்கள். நம் தாத்தாக்கள் கேட்ட பிரெஞ்சு அதில்தான் மிச்சம் இருக்கிறது.