நாட்டுத் துப்பாக்கியும் பயிர்க் காவலும்: சட்டம் அனுமதிப்பது எது? தண்டிப்பது எது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் கோவையை ஒட்டியும், இடுக்கி மாவட்டம் தேனி, திருப்பூர் மாவட்டங்களை ஒட்டியும் அமைந்துள்ளன. அட்டப்பாடி முதல் மறையூர், குமுளி வரையிலான மலையோர விவசாயிகளுக்குக் காட்டுப்பன்றி தீராத தொல்லையாக உள்ளது. பயிரைக் காக்க நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு, 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் விடை தருகிறது.

பயிர்க் காவலுக்கு உரிமம் உண்டு

குழலின் வாய் வழியாக வெடிமருந்தும் ஈயக் குண்டும் இட்டுக் கெட்டிக்கப்படுவதே நாட்டுத் துப்பாக்கி. உண்மையான பயிர்ப் பாதுகாப்புத் தேவைக்காக இவ்வகைத் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க, சட்டத்தின் 13-ஆவது பிரிவு வழி செய்கிறது. பயிரைக் காக்க அது போதாது என அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட வேறு துப்பாக்கிக்கும் உரிமம் அளிக்கலாம். காவல் துறையிடம் அறிக்கை கோரிய பின்னர் விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்கப்படும்.

தயாரிப்பது பெருங்குற்றம்

வைத்திருப்பதற்கான உரிமம், தயாரிப்பதற்கான அனுமதி ஆகாது. தயாரித்தல், மாற்றியமைத்தல், பழுதுபார்த்தல் ஆகியவற்றைத் தொழிலாகச் செய்ய 5-ஆவது பிரிவின்கீழ் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கியின் பாகங்களும், அவற்றைச் செய்யும் கருவிகளும் சட்டத்தின் பார்வையில் ஆயுதமே. எனவே, ஒரே துப்பாக்கியில் மாற்றிப் பொருத்துவதற்காகக் கூடுதல் குழல் செய்து வைத்தாலும் வழக்கு பாயக்கூடும்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. 5-ஆவது பிரிவை மீறித் தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். உரிமமின்றி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. இரண்டுக்கும் அபராதம் உண்டு.

தாத்தா காலத்துத் துப்பாக்கி என்பதாலேயே விலக்குக் கிடைக்காது. பழுதுபார்த்தாலும் சுட இயலாத பழம்பொருளுக்கே விலக்கு பொருந்தும். சோதனைக்கு உட்படாத கள்ளக் குழல் வெடித்துச் சிதறினால், முதலில் காயமடைபவர் சுடுபவரே.

பன்றியைச் சுட யாருக்கு அதிகாரம்?

துப்பாக்கி உரிமம் மட்டும் வேட்டைக்கு அனுமதி தராது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதனைத் தீங்குயிரியாக அறிவிக்குமாறு கேரளம் விடுத்த கோரிக்கையை மத்திய அரசு ஏற்கவில்லை. இதையடுத்து, பயிரை அழிக்கும் பன்றிகளைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்க, 2022 மே மாதம் மாநில அமைச்சரவை முடிவு செய்தது. உத்தரவை நிறைவேற்றுபவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்க வேண்டும். விஷம், வெடிபொருள், மின்வேலி ஆகியவற்றால் கொல்லக் கூடாது.

ஆகவே, பாதிக்கப்படும் விவசாயி முதலில் அணுக வேண்டிய இடம் ஊராட்சி அலுவலகம். சொந்தத் துப்பாக்கி தேவையெனில் மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பிக்கலாம். உரிமம் காலாவதியானால், துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும்.