ஹன்சாட்டில் யோன் ஸ்ருவாட் மில்

மெய்யியலாளர் யோன் ஸ்ருவாட் மில் 1865 முதல் 1868 வரை பிரித்தானியப் பொதுமக்கள் சபையில் வெஸ்ற்மின்ஸ்ரர் உறுப்பினராக இருந்தார். அவருடைய உரைகளை ஹன்சாட்டிற் படிப்போர் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். அக்கால ஹன்சாட் உத்தியோகபூர்வப் பதிவன்று. பெரும்பாலும் பத்திரிகைச் செய்திகளிலிருந்து தொகுக்கப்பட்டது. பாராளுமன்றம் அப்பணியைத் தானே ஏற்றது 1909இலேயாகும். எனவே அங்குள்ள ஒவ்வொரு சொல்லும் மில்லின் வாய்ச்சொல்லே எனக் கொள்வதற்கில்லை.

ஆயின், வாக்கெடுப்பு வேறு. சீர்திருத்த மசோதாவில் 'ஆண்' என்பதை நீக்கி 'ஆள்' என இடுமாறு 1867 மே 20ஆந் திகதி அவர் திருத்தம் கொணர்ந்தார். மாற்றம் ஒரு சொல்லே. பெண்களின் வாக்குரிமை அதனுள் அடங்கியிருந்தது. ஆதரவு 73, எதிர்ப்பு 196. உரையினும் இவ்வெண்களே எமக்குப் பெரிதாகப் படுகின்றன: பலர் நகைத்தொதுக்கிய கோரிக்கைக்கு உறுப்பினர் எழுபத்துமூவர் வெளிப்படையாக வாக்களித்தனர். மறு ஆண்டுத் தேர்தலில் மில் ஆசனத்தை இழந்தார். பெண்களுக்குச் சம வாக்குரிமை 1928இலேயே கிட்டியது.