சீத்தா கேம்ப் அக்காவும் ஆறு மாதத் தவணைச் சலுகையும்

செம்பூர் பக்கம் வீடு பிடித்த நம்மூர்க்காரர்களுக்கு சீத்தா கேம்ப் என்றால் குழந்தை பார்த்துக்கொள்ளும் அக்கா வருகிற இடம். தமிழ் பேசுவார், பிள்ளைக்கு ரசம் சாதம் பிசைந்து ஊட்டுவார் என்றால் நமக்குப் பெரிய நிம்மதி. அந்த இடம் எப்படி வந்தது என்று நம்மில் பலர் கேட்டதில்லை.

முதலில் அவர்கள் இருந்தது ஜனதா காலனியில். மாநகராட்சியே நகரின் வேறு பகுதிகளிலிருந்து கொண்டுவந்து குடிவைத்த இடம் அது. பிறகு பக்கத்து அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்த நிலம் தேவைப்பட்டது. கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர் ஜோக்கின் அற்புதம் மக்களைத் திரட்டினார், நீதிமன்றம் வரை போனார். நெருக்கடி நிலைக் காலம் வேறு. 1976 மே மாதம் காலனியை இடித்து, சுமார் 70,000 பேரை ட்ராம்பேயின் சேற்று நிலத்துக்கு மாற்றினார்கள். அதுதான் சீத்தா கேம்ப். ஜோக்கினுக்கு 2000-இல் மகசேசே விருது கிடைத்தது, 2018-இல் காலமானார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2020-இல் என் மனைவிக்குச் சில மாதம் பாதிச் சம்பளம்தான். எங்கள் கட்டடத்தில் பல வீடுகளில் இதே கதை. ஊரடங்கில் அக்காக்கள் உள்ளே வரவும் முடியாது. "வேலையே இல்லை, எதற்குச் சம்பளம்?" என்று படித்தவர்களே கேட்டார்கள்.

மார்ச் 19 அன்று பிரதமர் தொலைக்காட்சியில், நமக்கு வேலை செய்பவர்களின் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். வேண்டுகோள்தான். மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவு தொழிற்சாலை, கடை, வணிக நிறுவனம் என்றது. வீடு என்று சொல்லவில்லை. மே 18-இலிருந்து அதுவும் இல்லை.

ஆனால் அதே மார்ச்சில், 27-ஆம் தேதி, ரிசர்வ் வங்கி நமக்கு ஒரு வழி விட்டது. வீட்டுக் கடன் தவணையை முதலில் மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தள்ளிவைக்கலாம். நான் இருந்த கிளையில் போன் ஓயவில்லை. எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: தள்ளுபடி இல்லை சார், தள்ளிவைப்பு, வட்டி ஓடும்.

பி.காம் படித்தவனுக்கு இங்கேதான் உறுத்தும். வங்கிக்குத் தர வேண்டியதைத் தள்ளிவைத்தோம், கணக்கில் வைத்தோம். அக்காவுக்குத் தர வேண்டியதை அடித்தே விட்டோம். கணக்குப் பாடத்தில் அதற்குப் பெயர் கொடுபட வேண்டிய சம்பளம், பொறுப்புப் பக்கம் எழுதுவோம். வருமானம் குறைந்தால் முதலாளியின் எடுப்புதான் முதலில் குறைய வேண்டும். ஓட்டல், புது போன் எல்லாம் எடுப்பு (சிரிப்பான்).

உண்மையிலேயே கையில் இல்லையா? மாத முடிவில் சொல்லக் கூடாது, தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். வேலை நேரத்தைக் குறைக்கலாம், அப்போது மீதி நேரத்துக்கு அவர் வேறு வீடு பார்ப்பார். முழு நாள் வேலை வாங்கிக்கொண்டு பாதிச் சம்பளம் என்பது சரியில்லை. பாக்கி வைத்தால் தொகையும் தேதியும் எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டும். அப்போது கடன் கொடுப்பவர் அவர், வாங்குகிறவர் நாம். இதை மறந்துவிட்டு "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க அக்கா" என்கிறோம்.

எதை வைத்து அட்ஜஸ்ட் செய்வார்? 1986-இல் பைக்குளா நடைபாதைப் பெண்கள் மகிளா மிலன் என்று ஆரம்பித்தார்கள், ஜோக்கினின் அமைப்பும் கூட நின்றது. தினமும் வீட்டுக்கு வீடு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சேர்த்து, அரிசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதிலிருந்தே கடன். ஈடு கிடையாது. எந்த வங்கியும் அப்போது அவர்களுக்குக் கணக்குப் பார்க்கவில்லை, எங்கள் வங்கியையும் சேர்த்துத்தான்.

மகாராஷ்டிரத்தில் வீட்டுவேலை செய்பவர்களுக்கு 2008-லேயே நலவாரியச் சட்டம் வந்துவிட்டது. 2021 ஏப்ரலில் அரசு 1,500 ரூபாய் அறிவித்தபோது, அது பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான். எங்கள் அக்கா அதுவரை பதிவு செய்திருக்கவில்லை. உங்கள் வீட்டு அக்காவிடம் இன்று கேட்டுப் பாருங்கள்.